நாகையிலிருந்தே தொடங்கலாம்

தம்பி, மயிலாடுதுறையில் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, "தென்கிழக்காசிய ஆய்வுக்குப் போக ஆசை, அந்த ஊர் மொழியும் தெரியாது, காசும் இல்லை" என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கைக்கு எட்டுவதை எடுங்கள். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மன்னர் பெயரில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அதைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி ஊர் எல்லையை வாய்க்கால் வாய்க்காலாகச் சொல்லிக்கொண்டே போகும். அதைப் படித்துவிட்டு வயலில் இறங்கித் தேட உங்களால் முடியும். வெளிநாட்டு ஆய்வாளருக்கு அது லேசில் வாய்க்காது. இதையே ஆய்வுச் சுருக்கமாக எழுதிக் கருத்தரங்குக்கு அனுப்புங்கள். பயண உதவி உண்டா என்று முன்பே கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் மொழி. இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகை பட்டம் தராது. ஆனால் அங்கேயே தங்கி பஹாசா, அதாவது இந்தோனேசிய மொழி, படிக்கலாம். டெல்லித் தூதரக அறிவிப்பைக் கவனியுங்கள்.