பழைய காரில் சென்ட்ரல் லாக் தானாகவே பூட்டிக்கொள்கிறது. மொத்த செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் கீல் பக்கம், கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தெரியும். முதலில் அதைப் பிதுக்கி உள்ளே இருக்கும் ஒயர்களைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் இரண்டு முறை தண்டம் அழுதவன் நான்.

நான் மெக்கானிக் இல்லை. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். 'தெரியாதவன் எல்லாம் பதில் சொல்ல வந்துட்டான்' என்று வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு.

வண்டி 2006 மாடல். முதலில் போன எலக்ட்ரீஷியன் பின்கதவின் லாக் மோட்டாரை மாற்றினார். அடுத்தவர் செட்டையே மாற்றினார், 2,800 ரூபாய். ஆனால் புது செட்டைக் கதவுக்குள் போகும் பழைய ஒயரிலேயே முறுக்கி டேப் சுற்றிவிட்டார். எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, எனக்கு வாய்த்தவர் அப்படி.

இரண்டு நாள்தான். குன்னூரில் அம்மாவுக்கு முட்டி வலிக்குக் காட்டிவிட்டுத் திரும்பும்போது கட்டபெட்டில் டீக்கு நிறுத்தினேன். நல்ல மிஸ்ட். குளிருமே என்று இன்ஜினை அணைக்காமல் இறங்கிக் கதவைச் சாத்தினேன். டக். நான்கு கதவும் பூட்டு, சாவி உள்ளே, அம்மா பின்சீட்டில். கண்ணாடி முழுக்க ஆவி. லாக் நாபைத் தூக்கச் சொல்லி விரலால் மேலே காட்டினால், டீ எத்தனை என்று கேட்கிறேன் என நினைத்து அம்மாவும் ஒரு விரலைக் காட்டி, சர்க்கரை வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். ஒருவழியாகப் புரிந்து தூக்கினால் மறுபடி டக் என்று விழுகிறது. கடைசியில் அவர் இரண்டு விரலால் நாபைப் பிடித்துக்கொள்ள, நான் வெளியே கைப்பிடியை இழுத்தேன்.

கோளாறைக் கண்டுபிடித்தது கோவையில் இருக்கும் அண்ணன். (அவர் பிறந்து வளர்ந்தது இங்கேதான். வண்டி கோவைப் பதிவு என்பதால் 2024 மே மாதத்திலிருந்து பெற்ற தாயைப் பார்க்க நீலகிரிக்குள் வரவும் இ-பாஸ் போடுகிறார். ஐகோர்ட் உத்தரவு, கூட்டத்தைக் குறைக்கத்தான், புரிகிறது. ஆனால் சீசனில் வந்து ரோட்டை அடைக்கிறவனும் என் அண்ணனும் ஒரே வரிசையா?)

கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர்கள் மடங்கும். வருடக்கணக்கில் உறை வெடித்து, கம்பி கதவின் இரும்பில் பட்டால், யாரோ சுவிட்சைத் தட்டியதாக நினைத்து சென்ட்ரல் லாக்கின் கன்ட்ரோல் யூனிட் எல்லாக் கதவையும் பூட்டிவிடும். நம் மலை ஈரத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். எனக்கு டிரைவர் கதவின் ஐந்து ஒயரில் ஒன்று அப்படித்தான் இருந்தது. ஒரு சாண் புது ஒயர், சால்டரிங், முடிந்தது.

ஒயர் நன்றாக இருந்தால் டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, லாக் மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரில் நேராக 12 வோல்ட் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். மாற்றித் தொட்டால் எதிர்ப் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டுக்கும் அசையாவிட்டால் அந்த மோட்டாரை மட்டும் மாற்றுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள்.

வேலை முடியும்வரை கண்ணாடியை இறக்கியே வையுங்கள். சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்.