வாசகர் கேள்வி – பதில்: மயிலாடும்பாறை இரும்பு முதல் ஒகேனக்கல் தண்ணீர் வரை

கேள்வி: நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு வயது 4,200 ஆண்டு என்று 2022இல் பெருமையோடு படித்தோம். மூன்று ஆண்டு கழிவதற்குள் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை 5,300 ஆண்டு என்று முந்திக்கொண்டது. இரும்புக்கு எப்படி வயது சொல்கிறார்கள்? நம் மாவட்டத்துப் பெருமை இவ்வளவுதானா?
— கல்லூரி மாணவர், பர்கூர்

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நேரடியாக வயது பார்க்கப்பட்டது இரும்புக்கு அன்று. இரும்பு கிடைத்த மண்ணடுக்கில் உடன் கிடந்த கரி போன்ற கரிமப் பொருளுக்கு. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டுப்பட்ட நாளோடு வரவு நின்றுபோய், குதிரில் இருக்கும் தானியம் குறைவதுபோல் உள்ளிருப்பு மட்டும் குறையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகிறது. மீண்டும் 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியிலும் பாதியாகிறது. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், வரவு நின்று எத்தனை காலமாயிற்று என்று கணக்கிடலாம். இந்த வழியைக் கண்டறிந்த வில்லர்டு லிப்பிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் காலத்தில் கைப்பிடிக் கரி தேவைப்பட்டது; இன்று முடுக்கி நிறை நிறமாலை முறையில் அணுக்களையே எண்ணிவிடுவதால் சில மில்லிகிராம் போதும்.

இதில் இரண்டு சந்தேகங்கள் எப்போதும் உண்டு. நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் வைரத்துக்கு (நடுக்கட்டைக்கு) வெட்டுப்படும் முன்பே வரவு நின்றிருக்கும்; அதை எரித்திருந்தால், கரியின் வயது கொல்லன் உலையின் வயதைவிடக் கூடுதலாகத் தெரியும். எலி வளையோ மரத்தின் வேரோ மண்ணைக் கலைத்திருந்தால் மேலே கிடந்தது கீழே போயிருக்கும். ஆகவே ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்ட முடியாது. மயிலாடும்பாறையில் 104 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரி கி.மு. 1615 என்றும், 130 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரி கி.மு. 2172 என்றும் காட்டின. ஆழம் கூடக் கூட வயதும் கூடியிருக்கிறது; அடுக்கு கலையவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி. பெரும்பாலான தலைப்புகளில் பெரிய எண் மட்டும்தான் வந்தது. என்னைக் கேட்டால், அந்த இரண்டு ஆழங்களைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

சிவகளையின் கி.மு. 3345 என்ற கணிப்பு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வில் மாதிரிகளை லக்னோ, அகமதாபாத், அமெரிக்கா என்று வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள் என்பதே எனக்கு அந்த எண்ணைவிட நிறைவு தந்த செய்தி. அதனால் மயிலாடும்பாறைக் கணக்கு பொய்யாகிவிடவில்லை. நம் வீட்டுத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்று தெரியவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: 2032இல் ஒரு விண்கல் பூமியில் மோதும் வாய்ப்பு ஒரு சதவீதம் என்றார்கள், பிறகு மூன்று என்றார்கள், அடுத்த வாரமே ஒன்றுமில்லை என்றார்கள். விஞ்ஞானிகள் நம்மைப் பயமுறுத்தி விளையாடுகிறார்களா?
— மளிகைக் கடைக்காரர், காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் சொல்வது 2024 ஒய்.ஆர்.4 என்னும் குறுங்கோள். 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்றில் தென்பட்டது. குறுக்களவு ஏறத்தாழ 60 மீட்டர். 2025 பிப்ரவரி நடுவில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, அம்மாத இறுதிக்குள் 0.004 சதவீதமாகச் சரிந்தது.

உங்கள் ஊரில் பத்துத் தெரு இருக்கிறது, ஓர் ஆடு காணாமல் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் தெருவில் இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று. ஐந்து தெருக்களில் தேடி இல்லையென்று தெரிந்ததும் உங்கள் தெருவின் வாய்ப்பு ஐந்தில் ஒன்றாக ஏறிவிடுகிறது. ஆடு உங்கள் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்காது. ஒன்பதாவது தெருவில் அகப்பட்டவுடன் உங்கள் வாய்ப்பு பூச்சியமாகிவிடும். குறுங்கோள் செல்லக்கூடிய பாதைகளும் ஒவ்வொரு நாள் நோக்கலிலும் இப்படித்தான் கழிந்துகொண்டே வந்தன. கடைசி வரை பூமி கழியாமல் இருந்ததால்தான் எண் ஏறியது. ஏறும்போது முதல் பக்கத்தில் போட்டவர்கள் இறங்கும்போது ஏழாம் பக்கத்தில் போட்டதற்கு விஞ்ஞானிகள் பொறுப்பல்லர்.

கேள்வி: பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த ஓநாயை உயிர்ப்பித்துவிட்டார்களாமே?
— பள்ளி மாணவி, மத்தூர்

பதில்: உயிர்ப்பிக்கவில்லை. இன்று வாழும் சாம்பல் ஓநாயின் உயிரணுவில் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, வெள்ளை மயிரும் பெரிய உடலும் கொண்ட குட்டிகளைப் பெற்றிருக்கிறார்கள். திறமையான வேலைதான். ஆனால் நாடகத்தில் கர்ணன் வேடம் கட்டியவரை ஊருக்குப் போகும் பேருந்திலும் கர்ணன் என்று கூப்பிடுவதில்லை அல்லவா?

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதாகச் சொல்கிறார்கள். நன்றாகக் கொதிக்கவைத்துச் செப்புக் குடத்தில் ஓர் இரவு வைத்தால் அது போய்விடும் என்று வாட்ஸ்ஆப்பில் ஓர் அறிவியல் செய்தி வந்தது. அப்படிச் செய்யலாமா ஐயா?
— இல்லத்தரசி, பென்னாகரம்

பதில்: வேண்டாம் அம்மா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு உப்பு வகையைச் சேர்ந்தது. அது ஆவியோடு போகாது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை முக்கால் லிட்டராகச் சுண்டவைத்தால், அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீராகிவிடும். செப்புக் குடத்துக்குக் கிருமியைக் குறைக்கும் குணம் உண்டு என்பது மெய். ஃபுளோரைடை அது ஒன்றும் செய்யாது. பாதி மெய்யைச் சேர்த்துக் கட்டியிருப்பதால்தான் இத்தகைய செய்திகள் ஒரு கைபேசியிலிருந்து மறு கைபேசிக்கு இவ்வளவு வேகமாகப் போகின்றன.

பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், வகுப்புப் புகைப்படம் எடுக்க வந்தவர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். பின்வரிசையில் நான்கைந்து பிள்ளைகள் உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரித்தார்கள்; ஒரு பெண் குழந்தை தாவணி நுனியால் வாயை மறைத்துக்கொண்டாள். முன்பற்களில் குறுக்கே காவி நிறக் கோடு. வெற்றிலை போடுகிற வயதா அது? பல்லின் மேல்பூச்சு உருவாகும் சின்ன வயதில் உள்ளே போன ஃபுளோரைடு அங்கேயே தங்கி விடுகிறது. எந்தப் பற்பசையாலும் தேய்த்து எடுக்க முடியாது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகி, குனிந்து நிமிர்வதே பாடாகிவிடும்.

நம் பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரின் கலந்த கனிமங்கள் இருக்கின்றன. மழை குறைந்து, தண்ணீர் பாறை இடுக்கிலேயே நெடுங்காலம் நிற்கும்போது அவை கரைந்து வருகின்றன. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் பருப்புக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உலையில் ஊற்றிய தண்ணீர் அரிசிக்குள்தானே போகிறது? குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர், துவைக்கவும் துலக்கவும் ஆழ்துளைக் கிணறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் போதாத வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் உதவும், அதன் சவ்வு ஃபுளோரைடைப் பெருமளவு தடுத்துவிடும். அத்தகைய சவ்வை 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் தடுக்கப்பட்ட ஃபுளோரைடு கழிவுக் குழாயில் செறிந்து வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரை மாட்டுக்கும் வைக்காதீர்கள், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். எதற்கும் முன்னால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து சி-யும் நிறைந்த உணவு இந்தப் பாதிப்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி நெல்லிதான் என்பதும் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: சந்திரயான்-3க்குச் செலவழித்த 615 கோடி ரூபாயில் எத்தனை ஏரிகளைத் தூர்வாரியிருக்கலாம்?
— விவசாயி, பாலக்கோடு

பதில்: நியாயமான கோபம். ஆனால் அந்தத் தொகை மேலே சொன்ன ஒகேனக்கல் திட்டத்திற்கு மதிப்பிடப்பட்ட 1,928 கோடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிலவுக்குப் போகாமல் மிச்சம் பிடித்திருந்தால் அது உங்கள் ஏரிக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஏரி தூர்ந்து கிடப்பதற்கான கேள்வியை வேறு அலுவலக வாசலில் கேட்க வேண்டும். இன்னொரு செய்தி: தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க நிலவு மண் போன்ற மண்ணை இஸ்ரோ உருவாக்கியது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து.

கேள்வி: மாணவர்கள் எதற்கெடுத்தாலும் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்கிறார்கள். அது சொல்வதை எவ்வளவு நம்பலாம்?
— ஆசிரியை, அரூர்

பதில்: சென்ற மாதம் ஒரு செயலியிடம், கிருஷ்ணகிரி மாவட்டம் எப்போது உருவானது என்று கேட்டேன். 1965 என்று தயக்கமில்லாமல் சொன்னது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது தருமபுரி. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். தவறு என்றேன், மன்னிப்புக் கேட்டது. வேண்டுமென்றே, 1975 தானே என்றேன். ஆமாம், மிகச் சரி என்று பாராட்டியும் விட்டது. அடிப்படையில் அது, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழக்கப்பட்ட இயந்திரம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965உம் அது படித்த பக்கங்களில் அடுத்தடுத்து இருந்திருக்கும், ஒட்டிவிட்டது. கடிதத்தைச் செப்பனிடவும் கடினமான பத்தியை எளிமையாக்கவும் நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆண்டும் பெயரும் அளவும் கேட்பதென்றால், உங்கள் மாணவர்களை அந்த விடையோடு நூலகத்துக்கு அனுப்புங்கள். தவறு கண்டுபிடித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள்.

கேள்வி: வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கிற மாம்பழம் கல் வைத்துப் பழுக்கவைத்தது, மூழ்குவது இயற்கையாகப் பழுத்தது என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். மாம்பழ ஊரில் இருந்துகொண்டு கேட்கிறேன், உண்மையா?
— ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், கிருஷ்ணகிரி

பதில்: அந்தச் சோதனை காட்டுவது கல்லை அன்று, முற்றலை. நன்கு முற்றிய காய் தண்ணீரைவிடக் கனமாகி மூழ்கும். பிஞ்சிலே பறித்தது மிதக்கும். அவசரத்துக்குப் பறிப்பவர்களே பெரும்பாலும் கல்லையும் நாடுவதால் சோதனை சில வேளை பலிப்பதுபோல் தோன்றும். முற்றிய காய்க்குக் கல் வைத்தால் அதுவும் மூழ்கத்தான் செய்யும். கால்சியம் கார்பைடு கல்லை நம் நாட்டில் தடைசெய்திருப்பதற்குக் காரணம், அதிலிருந்து வரும் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் கலந்து வரக்கூடும் என்பதுதான். காயே தானாக வெளிவிடும் எத்திலீன் வாயுவை, மூடிய அறையில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குள் செலுத்திப் பழுக்கவைக்க அனுமதி உண்டு. அப்படிப் பழுத்ததைக் கண்டு அஞ்ச வேண்டாம். அரிசிப் பானைக்குள் காயைப் புதைத்து வைத்த நம் பாட்டிமார்கள் செய்ததும் அந்த எத்திலீனை வெளியே போகவிடாமல் அடைத்ததுதான். எங்கள் வீட்டில் இன்றும் அந்தப் பானைதான். நான்காம் நாள் மூடியைத் திறந்தால் மணம் வரும், வராவிட்டால் அந்தக் காய் ஊறுகாய் ஜாடிக்குப் போய்விடும்.