ஒரே மருந்துக்கு இரண்டு முடிவுகள் வருமா?

கேள்வி: என் தம்பிக்கு ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத நுரையீரல் காசநோய். சளி கல்ச்சர் அறிக்கையில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்துக்கு 0.25 என்ற அளவில் ‘எதிர்ப்பு உண்டு’ என்றும், 1.0 என்ற அளவில் ‘கட்டுப்படுகிறது’ என்றும் இருக்கிறது. ஆய்வகம் தவறு செய்துவிட்டதா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு வரிகளும் சரியானவையே. அந்த எண்கள், வளர்ப்புத் திரவத்தின் ஒவ்வொரு மில்லியிலும் எத்தனை மைக்ரோகிராம் மருந்து கலக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.

சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை மருந்து கலந்த குழாய்களிலும், நூறு மடங்கு நீர்த்து மருந்தில்லாத ஒரு குழாயிலும் இட்டு, எம்ஜிஐடி என்னும் கருவிக்குள் 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். கிருமி பெருகப் பெருகப் பிராணவாயு குறைந்து, குழாயின் அடியிலுள்ள வேதிப்பொருள் ஒளிரும். நீர்த்த குழாய் குறித்த அளவை எட்டும்போது மருந்துள்ள குழாயும் போதிய அளவு ஒளிர்ந்திருந்தால், நூற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் அந்த மருந்தை மீறி வளர்கின்றன என்று பொருள். உங்கள் தம்பியின் கிருமி 0.25இல் வளர்ந்திருக்கிறது, நான்கு மடங்கு மருந்து சேர்த்ததும் அடங்கிவிட்டது. இதை லேசான எதிர்ப்பு என்கிறோம்.

மாக்ஸிஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஒரே வகை மருந்துகள் கிருமியின் டிஎன்ஏ முறுக்கைச் சீர்செய்யும் கைரேஸ் என்ற நொதியைத் தாக்குகின்றன. வேறு பல பாக்டீரியாக்களுக்கு இதையொத்த இன்னொரு நொதியும் உண்டு. காசநோய்க் கிருமிக்கு இது ஒன்றே என்பதால், கைரேஸ் மரபணுவில் ஓரிடம் மாறினாலே எதிர்ப்பு வந்துவிடும். 90ஆம் இடத்து மாற்றம் பெரும்பாலும் லேசான எதிர்ப்பையும், 94ஆம் இடத்து மாற்றங்களில் சில கடுமையான எதிர்ப்பையும் தருகின்றன. ‘லைன் புரோப்’ என்ற மரபணுப் பரிசோதனை இதைச் சில நாட்களில் காட்டிவிடும். அந்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

லெவோஃப்ளாக்சசினை இனி பலனுள்ள மருந்தாகக் கணக்கில் கொள்ள முடியாது. மாக்ஸிஃப்ளாக்சசினைக் கூடுதல் அளவில், வேறு வலுவான மருந்துகளுடன் சேர்த்துத் தருவதா, பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட் மட்டும் கொண்ட சிகிச்சையைத் தேர்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். மாக்ஸிஃப்ளாக்சசினும் பெடாகுவிலினும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியவை. அவர் சொல்லும் நாட்களில் ஈசிஜி எடுக்கத் தவற வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். காசநோய் என்று தெரியும் முன், இருமலுக்கென்று மருந்துக்கடையில் லெவோஃப்ளாக்சசின் போன்ற இவ்வகை மாத்திரைகளை வாங்கிச் சாப்பிட்டாரா? அவை இருமலைச் சில நாள் தணித்து நோயறிதலைத் தாமதப்படுத்துவதோடு, எதிர்ப்புள்ள கிருமிகள் மட்டும் மிஞ்சவும் வழி செய்கின்றன. பழைய மருந்துச்சீட்டுகள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.