பத்தாம் நம்பரா, அஞ்சாம் நம்பரா?

போன இதழில் ஒரு வாசகர், "உங்கள் கல்லூரி கால்பந்து அணியில் இதுவரை ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்?" என்று கேட்டிருந்தார். "எழுபதுகளில் ஆடிய எங்கள் ஸ்டாப்பர் பேக், அஞ்சாம் நம்பர்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன் (ஸ்டாப்பர் என்றால் நம் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று எதிரணியைத் தடுக்கிற ஆள்). அந்த ஒரு வரிக்கு தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே நான்கு நாள் ஆனது. ஆகவே இந்த முறை வேறு பேச்சு கிடையாது, இது மட்டும்தான்.

கேள்வி: நான் 2002-05 செட் சார். எங்கள் பத்தாம் நம்பர் ஆடியதை நீங்கள் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். பெரியார் பல்கலைக்கழக இன்டர்-காலேஜ் பைனல் வரை எங்களை இழுத்துக்கொண்டு போனது அவன் ஒருவன்தான். உங்கள் காலத்து ஆள் என்பதற்காக ஒரு ஸ்டாப்பரைத் தூக்கி வைக்கிறீர்களே, நியாயமா? (முன்னாள் மாணவர், தர்மபுரி)

பார்த்திருக்கிறேன் தம்பி. அந்த வருஷம் உள்ளூரில் நடந்த எல்லா மேட்சுக்கும் வந்தேன், கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடியில்தான் நிற்பேன். பந்து அவன் காலுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒருமுறை தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிடுவான், கவனித்திருக்கிறாயா? மற்ற பையன்கள் எல்லாம் பந்தை வாங்கி நிறுத்தி, அப்புறம்தான் தலையைத் தூக்குவார்கள். அவனுக்கு அதற்குள் பின்னால் எத்தனை பேர், எந்தப் பக்கம் இடம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பந்தைத் தொடாமல் உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு, திரும்பும்போதே ஷூட் செய்வான். நம் பக்கத்து மைதானங்களில் அப்படி ஓர் இடது காலை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. திறமையை மட்டும் தராசில் வைத்தால் அவன்தான் முதல் ஆள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அவன் ஆடியது ஒரே ஒரு சீசன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது, போய்விட்டான். குடும்பத்தைப் பார்க்க வேண்டிய பையன் கிடைத்த வேலையை விடலாமா, அவன் செய்தது சரிதான். அடுத்த வருஷம் என்ன ஆனது? முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தீர்கள். மிச்சம் இருந்த பத்து பேரும் அந்த ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டது பந்தைப் பத்தாம் நம்பருக்குக் கொடுப்பது எப்படி என்பதைத்தான், அந்த நம்பர் காலியானதும் பந்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

எங்கள் அஞ்சாம் நம்பர் 1975லிருந்து 78 வரை மூன்று வருஷமும் ஆடினார். அப்போது பெரியார் பல்கலைக்கழகம் கிடையாது (அது 1997ல் வந்தது), எங்கள் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. கல்லூரியில் பந்து மொத்தமே இரண்டு. வால்வு வைத்த புதுப் பந்து ஒன்று, மேட்சுக்கு மட்டும். பிராக்டீசுக்குப் பழைய தோல் பந்து. உள்ளே பிளாடரை வைத்துக் காற்றடித்து, வாய்ப் பக்கத்தை நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும், மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல் மாதிரி ஆகிவிடும். சேலத்தில் ஒரு மேட்ச், நல்ல மழை, புதுப் பந்து பாதி ஆட்டத்தில் கிழிந்துபோக, பழைய நாடாப் பந்தை எடுத்து ஆடினோம். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், கடைசிப் பத்து நிமிஷம் அவர்களுக்குக் கார்னர் மேல் கார்னர். ஒவ்வொன்றுக்கும் இவர்தான் எழும்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், நெற்றியில் நாடாவின் தடம் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்ட மாதிரி பதிந்து கன்றிப்போயிருந்தது. தொப்பூர் கணவாய் ஏறும்வரை அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நீ ஏன் விங் ஆளுடைய காலையே பார்த்துக்கிட்டு நின்ன? இடுப்பைப் பாரு. காலு ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது."

நான் அப்போது முதல் வருஷம், லெப்ட் பேக். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் ஆடிய ஆட்டமே வேறு. எனக்கு மட்டுமா சொன்னார்? ரைட் பேக், கீப்பர், ஹாஃப் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று சொல்லி வைத்திருந்தார். அவர் படிப்பு முடித்துப் போன பிறகும் இரண்டு வருஷம் எங்கள் டிபென்ஸ் அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது, நாங்கள் ஜூனியர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தோம். என் ஓட்டு அவருக்குப் போவது இதனால்தான் தம்பி, என் காலத்து ஆள் என்பதால் இல்லை.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கே ஊர் திரள்கிறது, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் என்கிறான். போ ஜாக்சனா, கேம் நியூட்டனா என்று அவன் அறையில் தினமும் சண்டையாம். உங்கள் அஞ்சாம் நம்பர் விவாதத்தை அவனுக்கு அனுப்பினேன், "அவரையே கேளும்மா" என்று சொல்லிவிட்டான். (ஒரு தாய், ஓசூர்)

நல்ல பிள்ளை அம்மா, சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறான். பெயர் ஃபுட்பால் என்றாலும் அது நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதுமான ஆட்டம். ஆபர்ன் அணியின் ஜோர்டன்-ஹேர் மைதானத்தில் 87 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வெளியே மூன்று சிலைகள். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய பேட் சல்லிவன் (1971), போ ஜாக்சன் (1985), கேம் நியூட்டன் (2010).

நியூட்டன் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. பிளின் என்ற சின்ன ஜூனியர் கல்லூரியிலிருந்து வந்து ஆபர்னுக்கு ஒரே ஒரு சீசன் ஆடினார், அந்த சீசனில் 14 ஆட்டம், பதினாலிலும் வெற்றி. பரம வைரியான அலபாமா பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் 24-0 என்று பின்தங்கிக் கிடந்து, கடைசியில் 28-27 என்று ஜெயித்தார்கள். பைனலில் ஆரிகனை 22-19 என்று வென்றபோது, 1957க்குப் பிறகு ஆபர்னுக்குத் தேசியப் பட்டம் கிடைத்தது. 53 வருஷம் காத்திருந்த ஊருக்கு அதைக் கொடுத்த பையனை மறக்கச் சொல்ல முடியுமா?

போ ஜாக்சன் தேசியப் பட்டம் வாங்கித் தரவில்லை. ஆனால் 1982லிருந்து 85 வரை நான்கு சீசன் அங்கேயே இருந்தார். அலபாமாவிடம் ஒன்பது வருஷம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி, இவர் சேர்ந்த முதல் வருஷம் கடைசி ஒரு யார்டை ஆட்களின் தலைக்கு மேலே பாய்ந்து தாண்டியதால் 23-22 என்று ஜெயித்தது. அடுத்த வருஷம் அதே அலபாமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பந்தோடு 256 யார்டு ஓடினார். நான்கு வருஷத்தில் மொத்தம் 4,303 யார்டு, கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர். ஒவ்வொரு அடிக்கும் மேலே விழுந்து சாய்க்க ஆள் நிற்கிற நான்கு கிலோமீட்டர் அது.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த வருஷம் 1984, அவர் தோற்ற வருஷம். தோள் அடிபட்டு பாதி சீசன் ஆடவில்லை. திரும்பி வந்து அலபாமாவோடு ஆடும்போது, கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில், பந்தோடு ஓடுபவனுக்கு வழிவிலக்கிக் கொடுக்க வேண்டிய இவர் தப்பான பக்கம் ஓடிவிட்டார், ஆபர்ன் 17-15 என்று தோற்றது. ஊரே அதைப் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அடுத்த வருஷமும் அதே சட்டையைப் போட்டு இறங்கி 1,786 யார்டு ஓடி ஹைஸ்மனை வாங்கினார். ஒரே சீசன் ஆடுகிறவனுக்கு இந்தப் பரீட்சையே வருவதில்லை. நியூட்டன் போன பிறகு ஆபர்ன் 2011ல் 8 வெற்றி 5 தோல்வி, 2012ல் 3 வெற்றி 9 தோல்வி. அது முழுக்க அவர் போனதால் என்று சொல்ல மாட்டேன், அணியில் இன்னும் பலர் அப்போது மாறினார்கள். ஆனாலும் என் ஓட்டு போ ஜாக்சனுக்கு என்று மகனிடம் சொல்லுங்கள். நியூட்டன் கட்சிப் பையன் இதற்குப் பதில் வைத்திருந்தால் எழுதி அனுப்பட்டும், கட்டாயம் போடுகிறேன்.

கேள்வி: எங்கே போனாலும் கோல் போட்டவனுக்குத்தான் மாலை. டிபென்ஸ் ஆடியவனை உலகத்தில் யாராவது மதித்திருக்கிறார்களா? (பாலக்கோடு வாசகர்)

குறைவுதான். வருஷத்தின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கு 1956லிருந்து கொடுக்கிற பாலோன் தோர் விருதை ஆண்களில் வாங்கிய ஒரே கோல் கீப்பர் லெவ் யாஷின், 1963ல். டிபென்ஸ் ஆட்களில் பெக்கன்பாவர் இரண்டு முறை, 1972லும் 76லும், பிறகு 1996ல் சாமர், 2006ல் கன்னவாரோ. அவ்வளவுதான் பட்டியல்.

ஆனால் நமக்கு ஒரு ஜர்னைல் சிங் போதும். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு ஸ்டாப்பராக ஆடியவர், லீக் ஆட்டத்திலேயே தலை உடைந்து தையல் போட்டார்கள். கோச் ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை, செமி பைனலுக்கு பார்வர்டாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தத் தலையோடு செமியில் ஒரு கோல், பைனலில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். பைனலில் பி.கே. பானர்ஜி ஒன்று போட, 2-1 என்று தங்கம். நம் கோல் போஸ்டில் நின்றது பீட்டர் தங்கராஜ். அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்தில் தங்கமே வாங்கியதில்லை. எங்கள் அஞ்சாம் நம்பர் சேலத்தில் நெற்றியைக் கொடுத்து ஆடியபோது ஜர்னைல் சிங்கின் பெயரை ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆடிய எங்கள் கோல் கீப்பர் அண்ணாவை ஏன் யாருமே சொல்வதில்லை? (காவேரிப்பட்டணம் வாசகர்)

நீங்கள் சொல்லித்தான் எனக்கே உறைக்கிறது. 1992ல் விதி மாறியது, தன் அணிக்காரன் காலால் தள்ளிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்று. அதுவரை நெருக்கடி வந்தால் கீப்பருக்குத் தள்ளிவிட்டு மூச்சு வாங்குவோம். அந்த மாற்றத்துக்கு நடுவில் மாட்டிய கீப்பர்கள் பாடு பெரும்பாடு, கை வேலை மட்டுமே தெரிந்தவர்கள் ஒரே வருஷத்தில் கால் வேலையும் பழக வேண்டியிருந்தது. உங்கள் அண்ணா அதைச் செய்தவர் என்றால் முதல் ஐந்து பேரில் அவருக்கு இடம் உண்டு.

கேள்வி: இரண்டு இதழாகப் பார்க்கிறேன் சார், ஒரு பெண் பெயராவது வருமா என்று. நாங்களும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறோம். (மாணவி, பென்னாகரம்)

தப்பு என்மேல்தான் அம்மா. கேள்வியில் 'கல்லூரி அணி' என்றுதான் இருந்தது, நான் ஆண்கள் அணியை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018ல் மணிப்பூரை வீழ்த்தி சீனியர் தேசியப் பட்டம் வாங்கியது, 2023ல் மறுபடியும் வாங்கியது. கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். உன் அணியில் யார் எந்த இடத்தில் ஆடினார், எத்தனை வருஷம் ஆடினார், அவரிடம் யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. அடுத்த இதழில் முதல் கடிதம் உன்னுடையது.

கேள்வி: முன்னாள் மாணவர் சங்கத்தில் உடற்கல்வி அறையில் ஒரே ஒரு ஆட்டக்காரரின் படம் மாட்டுவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். யார் படம் என்பதில்தான் அடிதடி. நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள். (ஊத்தங்கரை வாசகர்)

தீர்ப்பு முதலிலேயே சொல்லிவிட்டேன். சிக்கல் வேறு. ஆபர்னில் போ ஜாக்சன் ஓடிய ஒவ்வொரு யார்டுக்கும் கணக்கு இருக்கிறது, அதனால்தான் நாற்பது வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளைகளால் அறையில் உட்கார்ந்து சண்டை போட முடிகிறது. நம்மிடம் ஸ்கோர் நோட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. 2003ல் பைனல் போன அணிக்காவது போட்டோ இருக்கும், எழுபதுகளுக்கு அதுவும் முழுசாக இல்லை. ஆகவே படம் மாட்டுவதற்கு முன்னால் சங்கத்தில் ஒரு நோட்டு போடுங்கள். செட் செட்டாக யார் எந்த இடத்தில் ஆடினார், யாரோடு மேட்ச், ஜெயித்தோமா தோற்றோமா என்று இருக்கிறவர்களைக் கேட்டு எழுதுங்கள். என் செட்டில் பதினோரு பேரில் இப்போது ஆறு பேர்தான் இருக்கிறோம்.

அஞ்சாம் நம்பரின் படம் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, 1977 குரூப் போட்டோ. கேப்டன் நடுவில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார், நான் கீழ் வரிசையில் சம்மணம் போட்டிருக்கிறேன். இவர் பின் வரிசையில் வலது ஓரம். என் பிரதியில் அந்த ஓரம் கரையான் அரித்து, தோளும் பாதி முகமும்தான் தெரிகிறது. அன்றைக்கு ஆளுக்கொரு பிரதி வாங்கினோம். தர்மபுரியிலோ அரூரிலோ கிருஷ்ணகிரியிலோ யார் வீட்டுப் பெட்டியிலாவது அந்தப் படம் முழுசாக இருந்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். நானே வந்து பிரதி எடுத்துக்கொண்டு, அசலை உங்கள் கையில் திருப்பிக் கொடுக்கிறேன்.