டானிக் அடித்தால் வறட்சி தாங்குமா?

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம். அப்பா புழுதியில் நெல் விதைத்திருக்கிறார். மழை நின்று இருபது நாள் ஆகிறது, கண்மாயும் வறண்டுவிட்டது, பயிரோ பொதிக்கு, அதாவது கதிர் தாளுக்குள் திரளும் பருவத்துக்கு, வருகிற நேரம். பக்கத்து வயல்காரரின் பண்ணைக்குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. மருந்துக்கடையில் "இது ஹார்மோன், அடிச்சா பயிர் வறட்சி தாங்கும்" என்று ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். லேபிளில் ஜிப்ரலிக் ஆசிட் என்று இருக்கிறது. அப்பா நம்புகிறார், எனக்குச் சந்தேகம். ஹார்மோனுக்கும் வறட்சிக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

தொடர்பு இருக்கிறது. ஆனால் வறட்சியில் பயிரைக் காப்பாற்றும் ஹார்மோன் வேறு, உங்கள் பாட்டிலில் இருப்பது வேறு. ஏறக்குறைய எதிர்க்கட்சி.

காப்பாற்றுவதன் பெயர் அப்சிசிக் அமிலம், சுருக்கமாக ஏபிஏ. 1960களில் பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று தேடிப் போனவர்கள் கையில் சிக்கியது. கல்லூரியில் ரியோ என்ற செடியின் இலையில் அடித்தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருப்பீர்களே, ஊதா நிறத் தரையில் அங்கங்கே பச்சையாக அவரை விதை வடிவத்தில் இரண்டு செல்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு சின்ன வாய். இலைத்துளை அதுதான். மண் காய்ந்தால் செடிக்குள் ஏபிஏ கூடும், அது அந்த அவரை விதைகளிடம் போய்ச் சேர்ந்ததும் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும், விதைகள் தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். இந்தச் செய்தி வேரிலிருந்துதான் போகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஏபிஏ சரியாகத் தயாரிக்க முடியாத தக்காளி வேரில் நல்ல தக்காளியை ஒட்டுக்கட்டிப் பார்த்தபோது, மண் காய்ந்ததும் அப்போதும் துளை மூடியது. வேண்டிய ஏபிஏவை இலையே செய்துகொள்கிறது.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் போகிற அதே வாய் வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வர வேண்டும். வாயை மூடினால் சமையல் நிற்கும், வியர்வை நின்று இலை சூடேறும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பயிர் பிழைப்பது வேறு, நெல் தேறுவது வேறு. பொதியிலும் பூவிலும் தண்ணீரில்லாமல் காய்ந்தால் மகரந்தம் கெட்டுப்போகும், தாள் பச்சையாகவே நிற்கும், கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிவிடும். உங்கள் அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, ஜிப்ரலிக் ஆசிட். நாற்றை ஒல்லியாக, வெளிறி, நெடுநெடுவென்று வளர வைத்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சை நோயை ஆராய்ந்தபோது ஜப்பானில் பிடிபட்ட சரக்கு இது. அந்தப் பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று குரோசவா 1926-இல் காட்டினார். இது வளரச் சொல்லும் ஹார்மோன். வறட்சியில் செடி தானாகவே இதைக் குறைத்துக்கொண்டு அடங்கி இருக்கப் பார்க்கிறது, நாம் போய் மேலே தெளித்து "வளரு, வளரு" என்கிறோம். உபயோகமே இல்லாத பொருள் என்று சொல்லவில்லை. வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் கதிர் முழுசாக வெளியே வருவதற்கு அடிக்கிறார்கள். ஆனால் அந்த வயலில் தண்ணீர் இருக்கும்.

ஹார்மோன் உண்மையிலேயே கை கொடுத்த இடம் விதைக்குள் இருக்கிறது. ஐஆர் 64 நெல்லின் வேர் பக்கவாட்டில் மேலாகப் படரும். பிலிப்பைன்ஸின் கினண்டாங் படோங் என்ற மேட்டுநில நெல்லுக்கு வேர் செங்குத்தாக இறங்கும். வேரின் கோணத்தைத் தீர்மானிக்கும் டிஆர்ஓ1 என்ற மரபணுவை ஜப்பானியர்கள் 2013-இல் அடையாளம் காட்டினார்கள். ஆக்சின் என்ற ஹார்மோன் அந்த மரபணுவை அடக்கி வைக்கிறது. கினண்டாங் படோங்கின் அந்த மரபணுவை ஐஆர் 64-க்குள் கொண்டுவந்ததும் வேர் ஆழம் போய், வறட்சியிலும் மகசூல் நின்றது. ஆனால் இதெல்லாம் விதைப்பதற்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். விடியற்காலையில் அப்பாவோடு வயலுக்குப் போய் இலையைப் பாருங்கள். நடுப்பகலில் சுருண்டது இரவில் விரிந்திருந்தால் பயிர் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. விடியும்போதும் சுருண்டே இருந்தால் நாள் கடத்தாதீர்கள், பக்கத்து வயல்காரரிடம் பேசி ஒரே ஒரு நனைப்புக் கொடுக்கப் பாருங்கள். பாட்டில் திறக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் காசுக்குத் தண்ணீர் இறைக்க டீசல் வாங்கலாம்.