கலையில் குடும்பம்: எலிஃபண்டாவிலிருந்து ரவி வர்மா வரை

பழைய கலையில் குடும்பம் எவ்வாறு காட்டப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பையின் மாட்டுங்காவில் வசிக்கும் நமக்கு மிக அருகிலுள்ள சான்று எலிஃபண்டா குகை. அங்கே சிவனும் பார்வதியும் கயிலாயத்தில் அமர்ந்திருக்கும், பெரிதும் சிதைந்த புடைப்புச் சிற்பத்தில், கந்தனாகக் கருதப்படும் குழந்தை பெற்றோர் மடியில் இல்லாமல், பின்னால் நிற்கும் செவிலியின் இடுப்பில் இருக்கிறது. அரண்மனை வழக்கத்தையே சிற்பி கயிலாயத்துக்கும் ஏற்றினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பல்லவர் இதை மாற்றினர். மாமல்லபுரத்திலும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் காணும் சோமாஸ்கந்த வடிவத்தில் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே குழந்தைக்கு இடம் கிடைத்தது. பின்னர் சோழர்கள் அவ்வடிவத்தைச் செப்புத் திருமேனியாக வார்த்து வீதியுலாவுக்குக் கொண்டுவந்தனர்.

தெய்வக் குடும்பங்களைத் தாண்டி வீட்டுக் குடும்பம் ஓவியத்தின் மையத்துக்கு வருவதற்கு, 1894-இல் இதே பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவி வர்மாவை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அவர் 1893-இல் வரைந்த ‘இதோ அப்பா வருகிறார்’ ஓவியத்தில், கேரளத்துத் தாய்வழி மரபில் வந்த அவருடைய மகள் தன் குழந்தையைச் சுமந்து நிற்கிறாள். வரப்போகும் அப்பா மட்டும் சட்டகத்துக்குள் இல்லை.