நடுமூளையும் கூகையும்

கேள்வி: ஆந்தை கும்மிருட்டில் எலியைப் பிடிப்பது நடுமூளை சக்தியால்தான் என்று என் மகள் போகும் பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகி, தாராபுரம்)

பதில்: உண்மைதான். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். நடுமூளையைப் பற்றி அருமையான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கிறோம் என்று காசு பார்க்கிறார்கள். இதே பக்கத்தில் முன்பும் திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன்.

முதலில் கூகை என்ற ஆந்தை. வெளிச்சமே புகாத அறையில் காய்ந்த இலைகளைப் பரப்பி, எலி அளவுக் காகித உருண்டையை இழுத்துப் பார்த்தார் அமெரிக்கர் ரோஜர் பெய்ன். கூகை பாய்ந்து காகிதத்தைப் பற்றியது. எலி வாசனை இல்லை, உடல்சூடு இல்லை, சரசரப்பு மட்டும்தான்.

கூகையின் காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலே, மற்றது சற்று கீழே. எந்தக் காதுக்குச் சத்தம் முந்தி வந்தது என்பதை வைத்து இடமா வலமா என்று அறிகிறது. எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்பதை வைத்து மேலா கீழா என்று. நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு முந்தினாலே போதும். இந்த இரண்டு கணக்கும் ஒன்றுசேர்ந்து நடுமூளையில் ஒரு வரைபடமாகவே இருப்பதை 1978இல் எரிக் நட்சன், மசகாசு கொனிஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே ஒவ்வொரு நரம்பணுவும் தனக்குரிய திசையிலிருந்து வரும் ஒலிக்கே துடிக்கிறது. பக்கத்து அணுவுக்குப் பக்கத்துத் திசை.

அப்புறம் நட்சன் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இளம் கூகைகளுக்குப் பட்டகக் கண்ணாடி மாட்டிவிட்டார். பார்ப்பதெல்லாம் ஒரு பக்கம் தள்ளித் தெரிந்தது. சில வாரங்களில் ஒலி வரைபடமும் அதற்கேற்ப நகர்ந்துவிட்டது! கண்தான் காதுக்குப் பாடம் நடத்துகிறது. நடுமூளை தேற வேண்டுமென்றால் கண் திறந்திருக்க வேண்டும், அம்மா. இவர்கள் அதைத்தான் கட்டிவைக்கிறார்கள்.

அந்த வகுப்புகளில் பிள்ளைகள் படிப்பது, கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக. அதைப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெரியவர்கள் எல்லாரும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் குழந்தைதான் 'தெரியவில்லை' என்று சொல்லும்? வகுப்புக்குப் போய்க் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.